மருத்துவமனையும் அளவுகோலும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களாகிய நமக்கு, குடியேறிய ஊரில் முதலில் தேடவேண்டியவை மூன்று: குடியிருக்க ஒரு வீடு, பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், உடம்புக்கு முடியாமற்போனால் போய்ச் சேர ஒரு மருத்துவமனை. முதல் இரண்டையும் நேரில் பார்த்து, நாலு பேரைக் கேட்டு, ஒருவாறு எடைபோட்டுவிடுகிறோம். மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கும்பொழுதோ, நமக்குத் துணையாக நிற்பவை கட்டடத்தின் உயரமும், டாக்டருடைய பெயருக்குப் பின்னால் உள்ள பட்டங்களும், பக்கத்து வீட்டுக்காரருடைய சிபாரிசும்தாம். இவை பயனற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், அந்த மருத்துவமனைக்குள் செல்பவர்களில் எத்தனை பேர் குணமடைந்து திரும்புகிறார்கள், திரும்பாதவர்கள் எதனால் திரும்பவில்லை என்னும் கேள்விக்கு இவற்றில் எதுவும் விடை கூறுவதில்லை.

கடையில் துவரம்பருப்பு வாங்குகிறோம். தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கவேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் எடைகள், அளவைகள் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே மெட்ரிக் அளவையை வகுத்தது. கல்லில் முத்திரை இல்லாவிட்டால் கேட்பதற்கு அதிகாரியும் உண்டு. பருப்புக்கு உள்ள இந்தக் காப்பு பிரசவத்திற்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உண்டா? மருத்துவத்தின் தரத்தை அளக்க முடியுமா? அளந்த பின் அதை உயர்த்துவது எப்படி? இக்கேள்விகளைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இம்முயற்சி புதியதன்று. வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் 1840-களில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. முதற்பகுதியில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846-ஆம் ஆண்டில் முதற்பகுதியில் சேர்ந்த தாய்மாரில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இறந்தனர். இரண்டாம் பகுதியில் இறந்தோர் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. கர்ப்பிணிகள் தங்களை இரண்டாம் பகுதியிலேயே சேர்க்கவேண்டும் என்று கெஞ்சினார்களாம். அதாவது, மருத்துவர்கள் கவனியாமலிருந்த வேற்றுமையைச் சாதாரணப் பெண்கள் அறிந்திருந்தார்கள். அந்த வேற்றுமையைக் கணக்கில் வைத்து ஆராய்ந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர். சவப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மாணவர்களின் கைகளே நோயைக் கொண்டுவருகின்றன என்று அவர் கண்டார். 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த நீரில் கைகழுவிய பிறகே கர்ப்பிணிகளைத் தொடவேண்டும் என்று விதித்தார். மறு ஆண்டில் இரு பகுதிகளிலும் இறப்பு நூற்றுக்கு ஒன்றேகால் அளவுக்கு வந்து ஏறக்குறையச் சமமாயிற்று.

நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு நிலைபெறாத காலம் அது. கிருமி இன்னதென்று அறியாமலே, எண்ணிப் பார்த்ததன் பயனாக மட்டும் ஒருவர் ஆயிரக்கணக்கான தாய்மாருக்கு வழிகாட்டினார். ஆயினும் அவருடைய சக மருத்துவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. தங்கள் கைகளே நோயைக் கொடுத்தன என்பதை எந்த மருத்துவர்தாம் எளிதில் ஒப்புக்கொள்வார்? செம்மல்வைஸ் வியன்னாவை விட்டு வெளியேறினார். 1865-இல் மனநோய் விடுதியொன்றில் உயிர் நீத்தார். அளப்பது ஒரு வேலை, அளந்து கண்டதை ஏற்றுக்கொள்வது அதைவிடக் கடினமான மற்றொரு வேலை என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகிறது.

வியன்னாவில் இது நிகழ்ந்து சில ஆண்டுகளுக்குப் பின், கிரிமியப் போரின்போது, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் துருக்கி நாட்டு ஸ்கூட்டாரி இராணுவ மருத்துவமனையில் பணியாற்றினார். கையில் விளக்குடன் நோயாளிகளிடையே நடந்த அன்னையாகவே நாம் அவரைப் பாடப் புத்தகங்களில் அறிந்திருக்கிறோம். அவர் சிறந்த புள்ளிவிவர நிபுணரும் ஆவார் என்பதைப் பலரும் அறியார். 1855 பிப்ரவரியில் அம்மருத்துவமனையில் சேர்ந்தோரில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். சாக்கடைகள் சுத்தம் செய்யப்பட்டு, காற்றோட்டம் ஏற்படுத்தப்பட்ட பிறகு, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. மருத்துவமனைகள் யாவும் நோய், சிகிச்சை, முடிவு ஆகியவற்றை ஒரே மாதிரியான படிவத்தில் பதியவேண்டும், இல்லையேல் ஒன்றையொன்று ஒப்பிட இயலாது என்று அவர் வற்புறுத்தினார். இந்தியாவிற்கு அவர் வந்ததேயில்லை. எனினும், இந்தியாவிலிருந்த இராணுவத்தின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரச கமிஷனின் பின்னணியில் அவருடைய உழைப்பு இருந்தது. ஆண்டொன்றுக்கு ஆயிரம் போர்வீரர்களில் 69 பேர் மாண்டனர் என்று 1863-இல் வெளியான அக்கமிஷன் அறிக்கை உலகுக்கு எடுத்துரைத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்னும் அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சைக்குப் பின் நெடுநாள் வரை தொடர்ந்து கவனித்து, சிகிச்சை பலித்ததா, பலிக்காவிட்டால் ஏன் என்று பதிவு செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. தாம் பணியாற்றிய பெரிய மருத்துவமனை அதை ஏற்காமையால் 1914-இல் பதவியை விட்டு விலகினார். 1911 முதல் 1916 வரை அவர் தம் சிறு மருத்துவமனையில் 337 நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்து அனுப்பினார். அவர்கள் விஷயத்தில் 123 தவறுகள் நேர்ந்தன என்று அவரே கணக்கிட்டு, அச்சிட்டு வெளியிட்டார். தம் தவறுகளை எண்ணி ஊருக்கு அறிவித்த மருத்துவமனைகள் இன்றைக்கும் அருமையாகவே இருக்கின்றன.

அந்நாட்டு அறுவை மருத்துவர் கழகம் 1918-இல் 100 படுக்கைகளுக்கு மேற்பட்ட 692 மருத்துவமனைகளைச் சோதித்தது. மிகச் சாதாரணமான சில நிபந்தனைகளை நிறைவேற்றியவை 89 மட்டுமே. தேறாத மருத்துவமனைகளில் புகழ் பெற்ற பலவும் அடங்கியிருந்தமையால், அப்பட்டியல் பத்திரிகைகளின் கையில் சிக்காதபடி, நியூயார்க் நகரத்து ஓட்டல் ஒன்றின் உலையிலிட்டு எரிக்கப்பட்டதாம். பட்டியலை எரித்துவிடலாம், பட்டியல் கூறிய செய்தியை எரிக்க முடியாது. அந்தச் சோதனையிலிருந்துதான் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் முறை அந்நாட்டில் வளர்ந்தது.

நேயர்களே! இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒரு சட்டகமாக அமைத்துக் கொடுத்தவர், பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த அவெடிஸ் டொனபெடியன் என்னும் பேராசிரியர். 1966-இல் எழுதிய கட்டுரையில், மருத்துவத்தின் தரத்தை மூன்று நிலைகளில் காணலாம் என்றார். முதலாவது அமைப்பு: கட்டடம், கருவி, மருந்து, பணியாளர் ஆகியவை. இரண்டாவது செய்முறை: அவற்றைக் கொண்டு நோயாளிக்கு உண்மையில் என்ன செய்யப்படுகிறது என்பது. மூன்றாவது விளைவு: நோயாளி என்ன ஆனார் என்பது.

ஒரு பிரசவ அறையை எடுத்துக்கொள்வோம். தண்ணீர்க் குழாயும் சோப்பும் இருக்கின்றனவா என்பது அமைப்பு. நர்ஸ் அம்மாள் உண்மையில் கை கழுவினாரா, குழந்தை பிறந்தவுடன் இரத்தப் போக்கைத் தடுக்கும் ஊசியைப் போட்டாரா என்பது செய்முறை. தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினார்களா என்பது விளைவு. விளைவையே அளந்துவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போதாது. மாவட்டத்திலுள்ள கடினமான நோயாளிகள் அனைவரும் கடைசியில் வந்து சேரும் பெரிய மருத்துவமனையில் இறப்பு மிகுதியாகத்தான் இருக்கும். எளிய நோயாளிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் விடுதியில் இறப்பு இராது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தி, பின்னதே மேல் என்று தீர்ப்பளித்தால் அது அநியாயம். அமைப்பை மட்டும் அளந்தாலோ, பூட்டிய அறையிலிருக்கும் புதிய இயந்திரமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே மூன்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

இனி நம் நாட்டு நிலைக்கு வருவோம். 2005-06-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் நிகழ்ந்த பிரசவங்களில் மருத்துவமனைகளிலோ சுகாதார நிலையங்களிலோ நிகழ்ந்தவை நூற்றுக்கு 39-க்கும் குறைவு. 2019-21 கணக்கெடுப்பில் அது 88-ஐத் தாண்டியது. இது பெரும் சாதனை. உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மாரின் எண்ணிக்கை 2004-06-இல் 254 ஆக இருந்தது. 2018-20-இல் 97 ஆகக் குறைந்தது. இதுவும் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் மருத்துவமனையின் வாயிலை அடைந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. 2018-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, தக்க சிகிச்சை கிடைத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்களில், 2016-ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 16 லட்சம் மரணங்கள் சிகிச்சையின் தரக்குறைவினால் நேர்ந்தவை. மருத்துவ வசதியை அடையாமையால் நேர்ந்தவை சுமார் 8 லட்சத்து 38 ஆயிரம். மதிப்பீடு என்பதால் இவ்வெண்கள் சற்றுக் கூடலாம், குறையலாம். எனினும், வாயிலுக்கு வெளியே இறந்தவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கினர் உள்ளே சென்ற பின் இறந்தனர் என்னும் செய்தி நெஞ்சை உறுத்துகிறது.

உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை எவ்வாறு அறிவது? மேற்பார்வையாளர் ஒருவர் குறிப்பேட்டுடன் வந்து நின்றால் எல்லோரும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்வர். ஆதலின் ஆராய்ச்சியாளர்கள் ஒரு யுக்தி செய்தனர். நல்ல பயிற்சி கொடுத்துச் சிலரை நோயாளிகளாக நடிக்கச் செய்து அனுப்பினர். தில்லியில் காச நோயின் அறிகுறிகளைக் கூறும் நோயாளிகளாக இவர்கள் மருத்துவம் செய்வோர் பலரிடம் சென்று வந்தனர். 2015-இல் வெளியான முடிவுகளின்படி, இத்தகைய 250 சந்திப்புகளில் முறையான கவனிப்புக் கிடைத்தது 52-இல் மட்டுமே; அதாவது நூற்றுக்கு 21. இதில் நாம் கவனிக்கவேண்டிய மற்றொன்று உண்டு. இதே மாதிரியான நோயாளியைப் பற்றிக் கேள்வியாகக் கேட்டபோது, மருத்துவம் செய்வோர் அளித்த விடைகள் அவர்களுடைய நடைமுறையைவிடச் சிறந்தே இருந்தன. அறிவுக்கும் செயலுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அவ்விடைவெளியை மேலும் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தி மட்டும் நிரப்பிவிட முடியாது.

அப்படியானால் நிரப்புவது எங்ஙனம்? விமானத்தை ஓட்டுபவர் எத்தனை அனுபவசாலியானாலும், புறப்படுமுன் ஒரு பட்டியலை வாசித்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். அதைப்போன்று அறுவைச் சிகிச்சைக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்டது. அதில் இருப்பவை 19 எளிய குறிப்புகள். நோயாளி இன்னார்தானா, அறுக்கவேண்டிய இடம் இதுதானா, கிருமித் தடுப்பு மருந்து உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டதா, துணித் துண்டுகளும் கருவிகளும் எண்ணப்பட்டனவா என்பன போன்றவை. புது தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இது சோதிக்கப்பட்டது. இறப்பு நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8 ஆகவும், பெருஞ்சிக்கல்கள் 11-இலிருந்து 7 ஆகவும் குறைந்தன என்று 2009 ஜனவரியில் முடிவுகள் வெளியாயின. ஒரு தாளில் அடங்கும் பட்டியல் இவ்வளவு உயிர்களைக் காக்கிறதென்றால் யாருக்குத்தான் வியப்பு ஏற்படாது?

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. கனடாவின் ஒன்டேரியோ மாகாணத்தில் இதே பட்டியல் மருத்துவமனைகளில் கட்டாயமாக்கப்பட்டது. அங்கே 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட கட்டுரை, குறிப்பிடத்தக்க மாறுதல் எதுவும் நேரவில்லை என்று கூறிற்று. நம் உத்தரப் பிரதேசத்திலோ, பிரசவத்திற்கான சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டு உலகிலேயே மிகப் பெரிய சோதனைகளுள் ஒன்று நடைபெற்றது. 24 மாவட்டங்களில் 120 சுகாதார நிலையங்கள். அவற்றுள் பாதி நிலையங்களில் எட்டு மாத காலம் பயிற்றுநர்கள் சென்று நர்ஸுகளுக்கும் மருத்துவர்களுக்கும் துணைநின்றனர். ஒரு லட்சத்து 57 ஆயிரம் தாய்மாரின் நிலை கண்டறியப்பட்டது. 2017 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. பயிற்சி தொடங்கிய இரண்டு மாதத்தில், செய்யவேண்டிய செயல்களில் நூற்றுக்கு 73 செய்யப்பட்டன; பயிற்சியில்லாத நிலையங்களில் 42 மட்டுமே. இது நல்ல முன்னேற்றம். ஆயினும் தாய் சேய் மரணத்திலும் கடும் சிக்கல்களிலும் இரு சாராருக்கும் வேற்றுமை இல்லை. ஒரு பக்கம் நூற்றுக்கு 15.1, மறுபக்கம் 15.3.

இம்முடிவைக் கண்டு, முயற்சியே வீண் என்று கூறுவோரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. முதலாவதாக, பயிற்றுநர்கள் சென்ற பிறகு, பயிற்சி தொடங்கிய ஓராண்டு நிறைவில், அந்த 73 என்பது 62 ஆகக் குறைந்தது, பழக்கம் வேரூன்றவில்லை. இரண்டாவதாக, பிறந்த குழந்தை மூச்சுவிடத் திணறினால் அதைக் கையாளும் திறமையும், தாய்க்கு அறுவைச் சிகிச்சை தேவையானால் உடனே செய்யும் வசதியும், பெரிய மருத்துவமனைக்குக் காலந்தாழ்த்தாமல் அனுப்பும் ஏற்பாடும் பட்டியலால் மட்டும் உண்டாவன அல்ல. செய்முறை திருந்தினாலும் அமைப்பு குறைபட்டிருப்பின் விளைவு மாறாது. டொனபெடியன் கூறிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய சோதனையின் ஏமாற்றமான முடிவை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதுவே பாராட்டத்தக்கது. நியூயார்க் உலையில் எரிந்த பட்டியலை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மற்றொரு வழியைக் கேரளத்தில் காண்கிறோம். அங்குள்ள மகப்பேற்று மருத்துவர்களின் கூட்டமைப்பு, மாநில அரசின் ஒத்துழைப்புடன், 2004 முதல் தாய்மார் மரணங்களை இரகசிய ஆய்வு செய்துவருகிறது. இறந்த பெண்ணின் பெயரோ, மருத்துவரின் பெயரோ, மருத்துவமனையின் பெயரோ ஆய்வாளர்களுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. தண்டிப்பது நோக்கமன்று, அடுத்த தாய் இறவாதிருப்பதே நோக்கம். பிரசவத்திற்குப் பின் நேரும் இரத்தப் போக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று தெரிந்ததும், அதைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் செய்யவேண்டியவற்றை வரையறுத்து, மருத்துவர்களே தங்களுக்குள் பயிற்சி நடத்திக்கொண்டனர். இம்முறைக்கு முன்மாதிரி, இங்கிலாந்தில் 1952 முதல் நடைபெற்றுவரும் ஆய்வு. தமிழ்நாட்டிலும் தாய்மார் மரணங்களைத் தனித்தனியே தணிக்கை செய்து, இறந்தவரின் வீட்டாரையும் கேட்டறியும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. 2018-20-இல் ஒரு லட்சத்திற்குக் கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, இந்தியா முழுவதிலும் 97 என்பது கணக்கு. கல்வி, சாலை வசதி, பெண்களின் நிலை ஆகியவையும் இதற்குக் காரணங்களே. ஆயினும், மரணத்தை ஒளிக்காமல் ஆராயும் பழக்கத்திற்கு இதில் பங்கில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மத்திய அரசும் சும்மா இருக்கவில்லை. பொது மருத்துவமனைகளுக்கான தேசியத் தர நியதிகள் 2013-இல் வகுக்கப்பட்டன. தூய்மையைப் போற்றும் 'காயகல்ப்' விருது 2015-இலும், பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்தும் 'லக்ஷ்ய' திட்டம் 2017-இலும் தோன்றின. தனியார் மருத்துவமனைகள் பலவற்றிற்குச் சான்று வழங்கும் என்.ஏ.பி.எச். என்னும் தேசிய அங்கீகார வாரியம் 2005 முதல் இயங்கிவருகிறது. மத்திய அரசு ஊழியர்களான நேயர்கள் ஒன்றை அறிந்திருப்பீர்கள். நமது சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் இச்சான்று பெற்ற மருத்துவமனைக்கு ஒரு கட்டண விகிதமும், பெறாததற்குக் குறைந்த விகிதமும் விதிக்கப்பட்டுள்ளன. தரத்திற்கு விலை வைத்துப் பார்க்கும் முயற்சி இது.

சான்றுகளைப் பற்றி ஒரு சொல். சோதனையாளர் வரும் நாளுக்கு முதல்நாள் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, படுக்கைக்குப் புதிய விரிப்பு விரித்து, மறுநாள் பழைய நிலைக்குத் திரும்பும் வழக்கம் நம் பள்ளிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் நாம் கண்டதுதான். மருத்துவமனைகள் மட்டும் இதற்கு விலக்கா? அன்றியும், எண்ணிக்கையே குறிக்கோளாகிவிட்டால், எண்ணிக்கை கெடும் என்று அஞ்சிக் கடினமான நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பிவிடும் தீமையும் நுழையும். இறக்கும் தறுவாயிலிருப்பவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டால், ஏற்றியவர் கணக்கில் மரணம் இல்லை. ஆனால் மரணம் நிகழாமல் இல்லை. ஆகவே, அளவுகோலைக் கையாளுவோரிடம் நேர்மையும், தவற்றை ஒப்புக்கொள்பவரைத் தண்டியாத பெருந்தன்மையும் இருத்தல் வேண்டும்.

அன்பர்களே! மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்த அளவுகோல்களில் இன்னும் சரிவர இடம்பெறாத ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். அது நோயாளியின் மொழி. திருவள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளை எண்ணும்போது, நோயாளி, மருத்துவர், மருந்து என்ற மூன்றுடன், அருகிலிருந்து பணிசெய்பவரையும் நான்காவதாகச் சேர்த்தார். வெளி மாநிலத்தில் வாழும் தமிழருக்கு அந்த நான்காமவர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கவேண்டியிருக்கிறது. ஊரிலிருந்து பிள்ளை வீட்டிற்கு வந்த தாயார், "மயக்கமாக வருகிறது" என்கிறார். தமிழில் மயக்கம் என்பது தலைசுற்றலையும் குறிக்கும், நினைவு தப்புவதையும் குறிக்கும். இந்தியில் இவற்றிற்கு வெவ்வேறு சொற்கள். துணைக்குச் சென்றவர் ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிட்டால் மருத்துவருடைய சிந்தனையே வேறு திசையில் சென்றுவிடும். நெஞ்சு கரிக்கிறது என்பதற்கும் நெஞ்சு வலிக்கிறது என்பதற்கும் உள்ள வேற்றுமை அற்பமானதா? தில்லி மருத்துவமனையொன்றில், திருநெல்வேலிப் பக்கத்து மூதாட்டி ஒருவர், தமக்குத் தெரியாத இரு மொழிகளில் அச்சிட்ட சம்மதப் பத்திரத்தில் கைநாட்டு வைத்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். பத்திரம் முறைப்படி நிரப்பப்பட்டிருந்தது. தணிக்கை செய்பவர் அதற்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பார். ஆனால் அந்த அம்மையாரின் சம்மதம் அதில் இருந்ததா?

நோயாளியின் கருத்தைக் கேட்கும் படிவங்களிலும் இத்தகைய குறை உண்டு. "உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்டால், நம்மவர்கள், "எல்லாம் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள்" என்று சொல்லிவிடுவார்கள். அது நன்றியுணர்ச்சி, உபசாரம், சில சமயம் அச்சம். அதைத் தரத்தின் அளவாகக் கொள்வதற்கில்லை. அபிப்பிராயத்தைக் கேளாமல் நிகழ்ச்சியைக் கேட்கவேண்டும். உங்கள் நோய் இன்னதென்று உங்களுக்குப் புரியும் மொழியில் கூறினார்களா? மருந்தை எத்தனை நாள், எப்பொழுது உட்கொள்வது என்று விளக்கினார்களா? வலி என்று சொன்ன பிறகு எவ்வளவு நேரத்தில் வந்து பார்த்தார்கள்? எப்படிப்பட்ட அறிகுறி தோன்றினால் உடனே திரும்பி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களா? இவற்றிற்கு உபசாரமாக விடை சொல்ல இயலாது.

நாம் செய்யக்கூடியதும் சிறிது உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் நோயாளிகளின் உரிமைகள் பற்றிய சாசனமொன்றை வரைந்தது. அதில் 17 உரிமைகள் எண்ணப்பட்டுள்ளன. தன் நோயைப் பற்றி அறிந்துகொள்ளுதல், சிகிச்சைக் குறிப்புகளின் நகலைப் பெறுதல், வேறொரு மருத்துவரின் கருத்தை நாடுதல் ஆகியவை அவற்றுள் சில. இவற்றை அறிந்து, பணிவுடன் ஆனால் தயங்காமல் கேட்டுப் பெறவேண்டும். மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைத்திருந்தால், ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் சிகிச்சை அறுபடாது. மாற்றலாகிச் செல்லும் ஊழியர் குடும்பங்களுக்கு இது மிகவும் அவசியம். மருத்துவமனை நம் கருத்தைக் கேட்டு எழுதச் சொன்னால் வெறும் கையெழுத்துடன் விட்டுவிடாமல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

பெருநகரங்களிலுள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழா எடுப்பதும் நாடகம் நடத்துவதும் வேண்டியவையே. அவற்றுடன், உள்ளூர் மொழியும் தமிழும் நன்கறிந்த சிலரை ஒன்றுசேர்த்து, முறை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குத் துணை செல்லும் ஏற்பாட்டையும் செய்யலாம். உடலுறுப்புகள், நோய்க்குறிகள், மருந்து உட்கொள்ளும் முறைகள் ஆகியவற்றிற்கான சொற்களைத் தமிழிலும் அந்தந்த மாநில மொழியிலும் ஒரு சிறு கையேடாகத் தொகுக்கலாம். கட்டடத் தொழிலுக்கும் ஆலை வேலைக்கும் வந்திருக்கும் எளிய தமிழ்க் குடும்பங்களுக்கு அது பேருதவியாகும். இதே இன்னலைத் தமிழ்நாட்டிற்கு வேலை தேடி வந்துள்ள பீகார், ஒடிசா மாநிலத்துத் தொழிலாளர்கள் நம் ஊர் மருத்துவமனைகளில் அனுபவிக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. நமக்கு வேண்டுமென்று கேட்பதை அவர்களுக்கும் கொடுப்பதே நியாயம்.

மருத்துவம் கருணையின்பாற்பட்டது, அதில் எண்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வியன்னாவில் இறந்த தாய்மாரிடம் கருணை கொண்ட மருத்துவர்கள் பலர் இருந்திருப்பார்கள். எண்ணிப் பார்த்தவரே அவர்களுக்கு அடுத்தபடி வந்த தாய்மாரைக் காப்பாற்றினார். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு வீடும், அவ்வீட்டில் வரவை எதிர்நோக்கியிருந்த உறவினரும் உண்டு. அதை மறவாமல் எண்ணுவோரும், எண்ணிக் கண்டதை மறையாமல் உரைப்போரும், உரைத்ததைக் கேட்டுத் திருத்துவோரும் நம் மருத்துவமனைகளில் பெருகவேண்டும். நோயாளிகளாகவும் அவர்களுக்குத் துணையாகவும் அங்கே செல்லும் நாம், கேட்கவேண்டியதைக் கேட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லி அவர்களுக்கு உதவுவோமாக.